நெல்சன் கண்ட சோங்சிங்

நெல்சன் மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் ஒன்று உண்டு. அவன் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அந்தத் தாங்கல் இன்னும் முழுசாக இறங்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்துக்கொண்டு அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால், படிக்கிற உங்களுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும்.

ரங்கூனுக்கு வெளியே, மாவ்பிக் கடைத்தெருவில் ஊ சான் லின் என்கிற சீனருக்கு மோட்டார் சைக்கிள் விற்கும் கடையும் அதன் பின்னால் ஒரு பட்டறையும் இருந்தன. ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பதால் அந்த வியாபாரமும் பழுதுவேலையும் எங்கள் பக்கத்தில்தான் நடக்கும். பட்டறையில் முதலில் சேர்ந்தவன் நான். எனக்குப் பிறகு வந்தவன் நெல்சன். வண்டிகள் சீனாவில் சோங்சிங் என்ற ஊரில் செய்யப்பட்டு, எல்லை தாண்டி லாரியில் வரும். ஒரு வருஷம் அந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒரு மெக்கானிக்கை அனுப்பினால் பயிற்சி கொடுத்து, கடைசியில் சான்றிதழும் தருவார்களாம். போய்வரும் செலவும் தங்க இடமும் அவர்களுடையது.

"வேலுதான் போகணும். அவன்தான் முதல்லருந்து இருக்கான்" என்று ஊ சான் லின் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் பாஸ்போர்ட்டுக்குப் படமே எடுத்துவிட்டேன்.

என் முழுப்பெயர் குழந்தைவேலு. நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. தொழிற்சாலைக்காரர்கள் கொடுக்கும் தாள்களைப் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று யாரோ முதலாளி காதில் போட்டிருக்கிறார்கள். நெல்சன் பத்தாவது தேறியவன். அவன் குடும்பமே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக் குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவான். கடைசியில் அவன்தான் போனான். அந்தச் சேதி எனக்கு டீக்கடையில், ஒரு டயர் வியாபாரி வாயிலிருந்து கிடைத்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிறவன், பெட்டி கட்டுகிற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் போனதைக்கூட நான் மறந்திருப்பேன். சொல்லாமல் போனதுதான் தைத்தது.

அவன் ஆள் எப்படி என்றால், ஒல்லி, உயரம், எண்ணெய் வைத்து வாரிய தலை. கையில் கிரீஸ் இருந்தாலும் சட்டைக் காலரில் அழுக்கு இருக்காது. அப்பா மரியஜோசப் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். நகரத்துக்குள்ளே ஒரு தெருவில் ஐந்தாவது மாடியில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணம் ஆன பிறகு தின்கன்ஜூனுக்கு வீடு மாறினான். மனைவி ராணி, வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற பெண். ஒரே மகள் சாரா. வாரம் முழுக்க மாவ்பியில் தங்கி வேலை பார்ப்பான், சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போவான், ஞாயிறு கோயில் முடிந்து திரும்பிவிடுவான்.

சீனாவிலிருந்து அவன் சொன்ன காலத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டான். "சீக்கிரமா கத்துக்கிட்டேன், அனுப்பிட்டாங்க" என்றான். சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் ஊ சான் லின் பட்டறையை விட்டு விலகி, நெடுஞ்சாலை ஓரத்தில் சொந்தமாகக் கடை போட்டான். நானும் அதற்குள் விலகி, பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்தேன். அவன் கடைக்கு இடம் கிடைத்தது என் கடைக்கு அடுத்தாற்போல. அவனுடன் பேசாமல் இருப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் நடுவில் ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் அவன் பேசினால் இந்தப் பக்கம் என் காதில் விழும். பேச்சு எல்லாம் ஒரே பேச்சு. சோங்சிங்.

வண்டி கொண்டுவருகிறவனைப் பர்மிய முறையில் 'கோ', அண்ணே, என்று கூப்பிட்டு ஆரம்பிப்பான். "உன் வண்டி எங்க பொறந்திச்சு தெரியுமா, கோ?" அவ்வளவுதான். வண்டி பிரித்துக் கிடக்கும். வந்தவன் எழுந்து போக முடியாது.

அப்படிக் கேட்டுக் கேட்டு அந்த ஊர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டு ஆறு. பெரியது யாங்சி, சின்னது சியாலிங். சின்னது என்றால் நம்ம லாயிங் ஆறு மாதிரி என்று நினைக்கக் கூடாது, அதுவே பெரிசு. இரண்டும் சேருகிற மூக்கில் ஊரின் பழைய துறை இருக்கிறது. ஒரு தண்ணீர் பழுப்பு, ஒரு தண்ணீர் பச்சை. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கோடு போட்டாற்போல ஒட்டாமலே ஓடுமாம். துறையிலிருந்து ஊருக்குள் ஏற மலைப்படி மாதிரி படிக்கட்டு. ஊரே மலை மேல்தான். சைக்கிள் பார்க்கவே முடியாது, மிதிக்க முடியாது. மூங்கில் கழியும் கயிறும் வைத்துக்கொண்டு சுமைக்காரர்கள் படியோரம் நிற்பார்கள். குளிர்சாதனப் பெட்டியைக்கூட முதுகில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். இப்போது அந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றும் சொல்வான்.

"நம்ம ஊரு தட்டை, நெல்சன்" என்றேன் ஒருநாள் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து. எப்படியோ வாய் திறந்துவிட்டது. "மழைத்தண்ணி தேங்கினா எந்தப் பக்கம் ஓடுறதுன்னு அதுக்கே தெரியாது. உன் மலையை வெச்சு நான் என்ன பண்ண?"

"அட, பேசிட்டியா நீ" என்றான். சுற்றிக்கொண்டு வந்து என் பலகையில் உட்கார்ந்துவிட்டான். "வேலு, அங்க தெருங்கிறதே கீழ மட்டும் இல்லடா. நீ ஒரு கட்டடத்துக்குள்ள தெருவிலேருந்து நுழையிறே. லிஃப்டுல பத்து மாடி ஏறுறே. கதவைத் திறந்தா அங்கயும் தெரு. பஸ் போவுது, காய்கறி விக்கிறான். எது தரைன்னு கேட்டா ஊர்க்காரனுக்கே தெரியாது."

"பொய்."

"சத்தியமா. ரயில் ஒரு குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளயே புகுந்து போவுது. மேலயும் ஆளு குடியிருக்கான், கீழயும் குடியிருக்கான்."

"அவன் தூங்குறது எப்படி?"

"அதை நான் கேக்கல."

"நாலு எழுத்து படிச்சவன் அதைத்தானே கேட்டிருக்கணும்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேச்சு வந்துவிட்டது. மனத்தாங்கல் அப்படியே இருந்தது, பேச்சும் இருந்தது. இரண்டும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தன.

போர்க் காலத்தில் அந்த ஊர்தான் சீனாவுக்குத் தலைநகரமாக இருந்ததாம். அந்தச் சமயம் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய சாமான்கள் லாஷியோ மலைப்பாதை வழியாக லாரியில் சீனாவுக்குப் போயின. இது நம்ம பெரியவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நெல்சன் அதைப் பிடித்துக்கொள்வான். "எங்க தாத்தா எண்ணி எழுதினாரு, உங்க தாத்தா தூக்கி வெச்சாரு. அந்தப் பெட்டிங்க போய்ச் சேந்த ஊருடா அது. நமக்கும் அந்த ஊருக்கும் அப்பயே சம்பந்தம்."

"உங்க ஆளு எழுதுவான், எங்க ஆளு தூக்குவான். அப்பயும் அதான், இப்பயும் அதான்" என்றேன். அது எதைச் சொல்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. பேச்சை மாற்றி, மிளகாய் எண்ணெய் கொதிக்கிற சட்டியை மேசை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து இறைச்சி முக்கித் தின்கிற கதைக்குப் போய்விட்டான். நாக்கு மரத்துப்போகிற ஒரு மிளகு அங்கே உண்டாம். குண்டுவீச்சுக்குப் பயந்து மலையில் தோண்டிய குகைகளில் இப்போது சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்களாம். மழைக்கால முடிவில் இருந்து பனிமூட்டம். வெயில் அடித்தால் நாய் குரைக்கும் என்பான். அது மட்டும் அவன் சேர்த்த சரக்கு என்று நினைக்கிறேன்.

இப்படியே வருஷங்கள் ஓடின. சாரா வளர்ந்தாள். அப்பன் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண். தமிழ் புரியும், பேசுவது பர்மிய மொழிதான். நகரத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்து சீனமும் படித்தாள். இப்போதெல்லாம் பிள்ளைகள் இங்கிருந்து எந்த வழி கிடைத்தாலும் வெளியே போகத் துடிக்கிறார்கள். அவளும் எழுதிப் போட்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வண்டித் தொழில் படிக்க இடம் கிடைத்தது. உதவித்தொகையும் உண்டு. இடம் கிடைத்த ஊர் சோங்சிங்.

கேள்விப்பட்டதும் நெல்சன் தெரு முழுக்க டீ வாங்கிக் கொடுப்பான் என்று எதிர்பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அவன் பேசவே இல்லை. வண்டிக்காரர்களிடம் ஊர்க்கதை இல்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பானர் சத்தம் மட்டும்.

அடுத்த வாரம் ராணி தின்கன்ஜூனிலிருந்து பஸ் மாறி மாறி என் கடைக்கு வந்து நின்றாள். நெல்சன் சாமான் வாங்க ஷ்வேப்யிதா பக்கம் போயிருந்த சமயம். அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

"அண்ணே, நீங்கதான் கேக்கணும். சாராவை அனுப்ப மாட்டேங்கிறாரு. அப்பா கையெழுத்து வேணுமாம், போட மாட்டேங்கிறாரு. காரணம் கேட்டா பொம்பளப் புள்ளன்னு ஒரு நாளு சொல்றாரு, பனின்னு ஒரு நாளு சொல்றாரு. இந்த மாசத்துக்குள்ள பதில் அனுப்பலைன்னா அந்த இடம் வேற புள்ளைக்குப் போயிடும்."

"சொர்க்கம்னு சொன்னவன் அவன்தானே."

"அதான் புரியல. அவ சாப்பிடாம கிடக்கிறா. இவரும் சாப்பிடல. நடுவுல நான் ரெண்டு பேருக்கும் ஆக்கிப் போட்டு ரெண்டையும் நானே தின்னுக்கிட்டிருக்கேன்."

அழுகிற நேரத்திலும் அப்படித்தான் பேசுவாள்.

சனிக்கிழமை நானும் அவனோடு பஸ் ஏறினேன். எதற்கு வருகிறேன் என்று அவன் கேட்கவில்லை. வீட்டில் சாரா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், "மாமா, அப்பாகிட்ட ஒண்ணு கேளுங்க. அந்த ஊரு நல்ல ஊரா, கெட்ட ஊரா? ஒரே ஊருதானே?" என்றாள். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். எனக்குப் புரியட்டும் என்பதற்காக இல்லை, அப்பனுக்கு உறைக்கட்டும் என்று.

"படிக்கட்டு ஜாஸ்தி. முட்டி போயிடும்" என்றான் நெல்சன்.

"கிழவனுக்குச் சொல்ற காரணத்தைப் புள்ளைக்குச் சொல்றான் பாரு" என்றேன்.

"நீ சும்மா இரு."

"பத்து வருஷமா சும்மா இருந்து உன் ஊரைக் கேட்டவன் நான். எனக்குக் கேக்க உரிமை இருக்கு. புள்ளை போறதுல உனக்கு என்ன நட்டம்?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தான். அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தான், நானும் எதிரில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. அவன் சொன்ன கதையை அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொழிற்சாலைக்காரர்கள் அவனை ஒன்பதாவது மாடியில் தங்க வைத்திருக்கிறார்கள். காலையில் கீழே ஒரு பொம்பளை தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்பாள். அந்த வாசனை ஒன்பதாவது மாடிக்கு வரும். ஆனால் லிஃப்டு அந்த நேரத்தில் கூட்டம், கீழே போய்த் திரும்பினால் வேலைக்குப் பிந்திவிடும். நெல்சன் பிறந்தது நம்ம நகரத்துத் தெருவில். அங்கே எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் மாடிக்கு மாடி தெருவரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரன் பேப்பரை மாட்டுவான், மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிறவள் பையை மாட்டுவாள், மேலே இருக்கிறவர்கள் இழுத்துக்கொள்வார்கள். ஐந்தாவது மாடிக்காரனுக்குக் கயிறு என்பது கை மாதிரி. இவன் யோசிக்கவே இல்லை. பெட்டி கட்டுகிற கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டினான், நுனியில் ஒரு தகர டப்பா, டப்பாவுக்கு எடையாக இரண்டு போல்ட். சன்னல் வழியாக இறக்கினான்.

"அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கலடா. டப்பாவைப் பாத்தா, மேல பாத்தா, சிரிச்சா. காசை எடுத்துக்கிட்டு நூடுல்ஸைப் போட்டுக் கயிறை ரெண்டு தடவை ஆட்டினா. நம்ம ஊர்க்காரி மாதிரியே. எனக்கு அழுகை வந்துடுச்சு."

பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்களாம். அவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தானாம். ஆனால் அந்த ஊரில் ஒரு விஷயம் உண்டே. தெரு கீழே மட்டும் இல்லை. அந்தக் கட்டடத்தை உரசிக்கொண்டு, நாலாவது மாடி உயரத்தில் ஒரு சாலை தூண் மேல் வளைந்து போகும். நம்ம ஊரில் கயிறு இறங்கினால் நடுவில் காற்றும் காக்கையும்தான். ஒருநாள் மழைக்காற்றில் டப்பா அப்படியே வீசிப் போய் அந்தச் சாலையில் வந்த காரின் முன்கண்ணாடியில் அடித்துவிட்டது. கண்ணாடி நொறுங்கிப்போனது. ஓட்டினவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தெய்வம் காப்பாற்றியது.

எங்கே பார்த்தாலும் நாற்பது ஐம்பது மாடி நிற்கிற ஊரில், மேலிருந்து ஒரு சாமான் விழுவதை அவர்கள் சும்மா விடுவார்களா? காவல்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது. தொழிற்சாலை கண்ணாடிக்குப் பணம் கட்டி, பயிற்சி முடியும் முன்னாலேயே இவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. சான்றிதழ் கிடையாது. ஊ சான் லின் விமான நிலையத்துக்கே வந்து, "வெளியே சொல்லாதே, எனக்கும் அவமானம்" என்றாராம்.

"ஊர்ல பாதியை நான் பாக்கவே இல்ல வேலு. துறைக்கு ஒரே தடவை கூட்டிட்டுப் போனாங்க. ரயில் கட்டடத்துக்குள்ள போறதை பஸ்ஸுலேருந்து பாத்தேன். மத்ததெல்லாம் கேட்டதும் படத்துல பாத்ததும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எனக்கென்று வந்த இடம். ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்காகத் தொலைத்துவிட்டு, பத்து வருஷம் என் காதைத் தின்றிருக்கிறான். எழுந்து போயிருப்பேன். அவன் முகம் போகவிடவில்லை.

"சரி, அது உன் கதை. புள்ளை என்ன பண்ணிச்சு?"

"அவ தாளுல அப்பா பேரு இருக்கும்ல" என்றான்.

அப்போதுதான் புரிந்தது. இந்த நாட்டில் எதற்குப் போனாலும் அப்பா பெயர் கேட்பார்கள். அடையாளச் சீட்டில் அப்பா பெயர். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், வேலைக்கு எழுதிப் போட்டால், எங்கும் அப்பா பெயர். அப்பனுக்கு ஒரு கறை இருந்தால் அது பிள்ளை பெயருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். நாம் எல்லாம் அப்படியே பழகிவிட்டோம். சோங்சிங்கிலும் ஒரு மேசைக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்து, சாராவின் தாளில் நெல்சன் என்ற பெயரைப் பார்த்ததும் பழைய கண்ணாடியை எடுத்து வைப்பான் என்று இவன் நம்பிக்கொண்டிருந்தான்.

"அங்க போய் இறங்கின பிறகு திருப்பி அனுப்பினா அவ என்ன ஆவா? அதுக்கு இங்கயே என்னைத் திட்டிக்கிட்டு இருக்கட்டும்" என்றான்.

"அவகிட்ட சொல்லேன்."

"சொன்னா அவளுக்கு நான் யாரு?"

ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

திங்கட்கிழமை ஊ சான் லின் வீட்டுக்குப் போனேன். அவருக்காகவோ நெல்சனுக்காகவோ போகவில்லை, அந்தப் பெண்ணுக்காகப் போனேன். கிழவருக்கு இப்போது காது மந்தம். கடையை மகன் பார்க்கிறான். பர்மிய மொழியில்தான் பேசினோம். காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கண்ணாடியா? அதை நான் எப்பவோ மறந்துட்டேன். இவன் இன்னுமா சுமக்கிறான்?"

"அங்கே பேர் எழுதி வெச்சிருப்பாங்களா?"

"மூணு கோடி ஜனம் இருக்கிற ஊரு. கண்ணாடி உடைச்சவன் பேரையெல்லாம் காலேஜுல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா? பணம் கட்டினதும் அது முடிஞ்சுபோச்சு. தொழிற்சாலையில இவன் பேரே யாருக்கும் வாயில நுழையல. பர்மாக்காரன்னுதான் சொன்னாங்க." பிறகு சிரித்தார். "ஒண்ணு அவன்கிட்ட நான் சொல்லல. அந்த நூடுல்ஸ்காரி தொழிற்சாலை கேட்டுக்கு வந்து சண்டை போட்டிருக்கா. காத்து பண்ணின தப்புக்கு ஆளை ஏன் திருப்பி அனுப்புறீங்கன்னு. அவளை உள்ளே விடல."

"ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"எனக்குக் கோபம், வேலு. என் பேருல போனவன்." குரலைத் தணித்துக்கொண்டு, "உன்னைத்தான் அனுப்பியிருக்கணும்" என்றார்.

அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று நினைக்கிறீர்கள். வந்தபோது அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் போயிருந்தாலும் நூடுல்ஸ் வாசனை ஒன்பதாவது மாடிக்கு வந்திருக்கும். எனக்கும் கயிறு தெரியும். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நெல்சனிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். நம்பவில்லை. கிழவரையே போனில் பிடித்துக் கொடுத்தேன். அவர் கத்திக் கத்திப் பேசினார், இவன் "ஹொக்கே, ஹொக்கே" என்று பர்மிய மொழியில் ஆமாம் போட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நூடுல்ஸ்காரி சண்டை போட்டதைக் கேட்டபோது மட்டும் தலை நின்றது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பிரித்துப் போட்டிருந்த ஒரு எஞ்சினைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷம் பயந்தது எதற்கு என்று யோசித்தான் போல. நானும் அதைத்தான் யோசித்தேன். ஒருத்தன் தலையில் இருக்கிற பாரத்தில் பாதி, இறக்கி வைக்கச் சொல்லி யாரும் வந்து சொல்லாததால் மட்டும் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை அவன் கையெழுத்துப் போட்டான். போடும் முன்னால் சாராவை உட்கார வைத்து, கயிறு, டப்பா, கண்ணாடி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். ராணிதான் எனக்குச் சொன்னாள். சாரா கேட்டு முடித்துவிட்டு, "அப்பா, எங்க ஹாஸ்டல் எத்தனாவது மாடியா இருந்தாலும் நான் லிஃப்டுலதான் போவேன்" என்றாளாம். பிறகு மூன்று பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அவள் குன்மிங் வழியாகப் போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் காட்டுவாள். கரண்டும் லைனும் இருக்கிற ஞாயிறாக இருந்தால் நெல்சன் மாவ்பிக்கு வராமல் தின்கன்ஜூன் வீட்டிலேயே இருந்துவிடுவான். நானும் சில நாள் போவேன். அவள் போனைத் திருப்பித் திருப்பி ஊரைக் காட்டுவாள். பாலம் பாலமாக இருக்கும். இரவானால் ஊர் முழுக்க விளக்கு, ஆற்றிலும் விளக்கு. கம்பியில் தொங்குகிற பெட்டியில் ஏறி யாங்சியைத் தாண்டினாளாம். மலை மேல் ஏற மின்சாரப் படிக்கட்டு இருக்கிறதாம், அது முடியவே முடியாதாம். சுமைக்காரர் ஒருவரிடம் பேசினாளாம், இனிமேல் தன் மகன் இந்த வேலைக்கு வரமாட்டான் என்று சொன்னாராம்.

பத்து வருஷம் வாய் ஓயாமல் அந்த ஊரைச் சொன்னவன், அவள் சொல்லும்போது வாயே திறக்கமாட்டான். இரண்டு தண்ணீரும் கோடு போட்டாற்போல ஓடுவதை அவள் காட்டினாள். "அப்படியா" என்றான், அப்போதுதான் கேட்கிறவன் மாதிரி. நான் விலாவில் குத்தினேன். "சும்மா இருடா, அவ சொல்லட்டும்" என்று காதுக்குள் சொன்னான்.

அவனுக்குச் சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு. சிறுநீரகம் போய்விட்டது என்பது போன வெயிலில்தான் தெரிந்தது. கால் வீங்கியது, பிறகு முகம். மழை தொடங்கியபோது பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். சாராவுக்குச் சொன்னோம். பரீட்சை முடிந்ததும் வருகிறேன் என்றாள். வர வேண்டாம் என்றும் அவன் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் டிக்கெட் போட்டிருந்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு பகல் வேளை. ராணி மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் கட்டில் பக்கம் உட்கார்ந்து அவன் காலை அமுக்கிக்கொண்டிருந்தேன். பேச மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"வேலு. சாரா வருவா. வந்தா இங்கயே இருந்துடுறேன்னு சொல்லுவா. அம்மா தனியா இருக்கான்னு சொல்லுவா. விடாதே. திருப்பி அனுப்பு."

"சரி."

"அங்க போனதும் பழைய மாதிரி ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. ராணி எடுத்தா சாப்பிட்டியா, தூங்கினியான்னுதான் கேப்பா. அப்புறம் ரெண்டு பேரும் அழுவாங்க. ஊரைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்துக் காலை விட்டேன்.

"நீ போய் உக்காரு" என்றான். "ஞாயித்துக்கிழமை, தின்கன்ஜூனுக்குப் போ. போனை வாங்கிக்கோ. இன்னிக்கு எந்தத் தெரு பாத்தேன்னு கேளு. அவ சொல்லுவா. உனக்கு எல்லாம் தெரியும்டா, நான்தான் சொல்லிக் குடுத்துட்டேனே. ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. முழுசா சொல்லவிடு."